நிழல் இல்லாத முகத்தில் ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது என்னிடம் மூன்று பைகள் இருந்தன. ஒன்றில் துணிகள். இன்னொன்றில் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், பிளாஸ்க், இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. மூன்றாவதில் வாந்திக்கென்று பிளாஸ்டிக் கவர்களும் எலுமிச்சம்பழங்களும். கஞ்சிக்கோட்டு ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்த என் கணவர், தூக்கம் சொக்கும் கண்ணோடு எங்களை ஏற்றிவிட்டார். மகள் தாரணியை என் மடியில் வைத்துவிட்டு, "வேண்டாம்னு தோணுச்சுன்னா உடுமலைல எறங்கித் திரும்பி வந்துரு" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உடுமலைப்பேட்டை வரை நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் தேவிகுளத்துக்குப் போனது ஒரு படத்துக்காக. ஓவியம் படித்த காலத்தில் விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள் கோகிலா. தேவிகுளத்துக்கு அருகே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்; இப்போது மூணாறில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைக்கும் நேரத்தில் வரைகிறாள். கொச்சியில் ஒரு கண்காட்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முன்பு ஜப்பானியப் படங்களைப் பார்த்து மயங்கிய ஐரோப்பிய ஓவியர்களின் வழியில், இன்று நம் பக்கத்தில் வரைகிற சிலருடைய கண்காட்சி. நான்கு படங்கள் தயார். ஐந்தாவதற்கு ஒரு தாயும் குழந்தையும் வேண்டும்.

"லயத்துல தாய்மாருக்கா பஞ்சம்?" என்று போனில் கேட்டேன்.

"வெளிச்சம் இருக்கிறப்ப எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருவாகடி. பகல்ல பிள்ளையைக் குளிப்பாட்ட நேரம் இருக்கிற ஒருத்தி எனக்குத் தெரிஞ்சு நீதேன்."

கிண்டலா, பாராட்டா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் தூரிகையைத் தொட்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சரி என்று சொன்ன பிறகுதான் மாமியாரிடம் கேட்டேன். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்த அத்தை, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"படம் எழுதறதுன்னா எழுதட்டும் கண்ணு. ஆனா பொட்டு வெச்சு எழுதச் சொல்லு. நாலு பேரு கண்ணு படற எடத்துல மாட்டப் போறாங்கல்லொ?"

"செரிங்க அத்தை."

"மறந்துபோடாத."

மறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கண்மை டப்பாவை மருந்துப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

உடுமலையில் ஒன்பதரை மணிக்கு மூணாறு பஸ். தூரம் ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். நாள் ஒன்றுக்குச் சில பஸ்களே இருப்பதால் போக விரும்புகிறவர்கள் முன்னதாகவே நின்று இடம் பிடிப்பது நல்லது. அமராவதி பக்கம் தாண்டி, ஒன்பதாறு சோதனைச் சாவடியில் தமிழ்நாடு முடிந்து சின்னாரில் எங்கள் கேரளம் மறுபடி தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே முள்காடுதான், ஒரே காய்ந்த நிறந்தான். திரும்புவதென்றால் இதுதான் கடைசி இடம் என்று நினைத்தேன். இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ என்றும் நினைத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வளைவுகள் தொடங்கியதும் தாரணி முதல் கவரை நிரப்பினாள். பக்கத்தில் காந்தலூர் போகும் ஓர் அம்மாள், காலடியில் வெள்ளைப்பூண்டு விதை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"பக்கவாட்டுல பாக்க விடாதீங்க. நேரா ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு எங்கே போகிறோம், எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

"படம் எழுதவா இம்புட்டுத் தூரம்? போன்ல ஒரு போட்டோ பிடிச்சு அனுப்பிருந்தா ஆகாதா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மறையூரில் சந்தனக்காட்டு வேலியும் வெல்லம் காய்ச்சும் வாசனையும் வந்தபோது அவர் இறங்கினார். இறங்கும்போது தாரணியின் கன்னத்துப் பொட்டைப் பார்த்து, "அதான் வச்சிருக்கீங்களே, ஒண்ணும் ஆகாது" என்றார். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலும்.

மறையூரைத் தாண்டியதும் தேயிலை. அதற்கு மேல் மஞ்சு; மூடுபனிக்கு மலையில் அதுதான் பேர். கார்த்திகை மாதம் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கணவாய்க் காற்று வீசி வானத்தைத் துடைத்துவிடும். பனைமரத்தின் நிழல் தரையில் கரிக்கோடு போல விழும். இங்கே பகல் ஒரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே எதற்கும் நிழல் இல்லை. தேயிலைப் பச்சை, பாதைச் செம்மண், ஒரு தகரக் கூரையின் நீலம். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. குழந்தைக்குக் குல்லாவை இழுத்துவிட்டேன். அவள் பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டேன்.

மூணாறு ஸ்டாண்டில் கோகிலா அனுப்பிய ஜீப் காத்திருந்தது. ஓட்டுநர் ராசு அண்ணன், அவளுடைய லயத்துக்காரர். தேவிகுளம் எட்டு கிலோமீட்டர்கூட இல்லை; சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் கல்பாதைதான் நம்மைக் குலுக்கி எடுக்கிறது.

"மெதுவா போங்கண்ணா, பாப்பா இருக்கா."

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி பின்னால போகும்மா" என்றார் ராசு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலை கொச்சி பக்கம் நெடும்பாசேரிக்கு விமானத்தில் வருகிறவர்களை அழைத்துவரப் போகிறாராம். அந்த ஜீப்பில்தான் கோகிலாவும் அவள் படங்களும் கொச்சிக்குப் போகின்றன. "போர்வையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். படத்துக்குத்தான், உங்களுக்கு இல்ல."

*

லயம் என்பது வரிசை வீடுகள். மலைச்சரிவில் படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரிசை. கோகிலா என்னை உள்ளே அழைக்கும் முன், பையை வாங்கி வைத்துவிட்டு, வாசலின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள்.

"கீழ பாரு."

கீழ் வரிசை வீட்டு முற்றம் எங்கள் காலடிக்கு நேர்கீழே இருந்தது. ஒரு கிழவர் முக்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய உச்சந்தலை, இரண்டு முழங்கால்கள், தண்ணீர்க் கிண்ணத்தின் வட்டம். கூரையின் விளிம்பு அவருடைய ஒரு தோளை வெட்டியிருந்தது. வானம் என்பதே இல்லை.

எனக்குப் புரிந்தது. கல்லூரியில் நாங்கள் இருவரும் சேர்ந்து புரட்டிய படங்கள் நினைவுக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜப்பானிலிருந்து மரஅச்சுப் படங்கள் பாரிசுக்கு வந்தபோது, அங்கிருந்த ஓவியர்கள் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவர்கள்போல இருந்தார்கள். நிழல் போட்டு உருண்டையாகக் காட்டிப் பழகியவர்கள் அவர்கள். ஜப்பானியர்களோ ஒரே தட்டையான வண்ணம், சுற்றிலும் கோடு, மேலிருந்து பார்க்கும் பார்வை, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள் என்று வரைந்திருந்தார்கள். ஓர் ஓவியர் ஜப்பானியப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து, சுற்றிலும் அவர்களுடைய எழுத்துகளை அழகுக்காக வரைந்தார். ஓர் எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. பாரிசில் குடியேறிய ஒரு பெண் ஓவியர், தாய் குழந்தையைக் குளிப்பாட்டுவதை, முத்தமிடுவதை, தூங்கவைப்பதை அந்த முறையில் செய்தார். விடுதி அறையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கோகிலா, "இது எங்க லயம்டி" என்று சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். லயத்தைப் பார்க்காமல் சிரித்திருக்கிறேன்.

போட்டோ போதாதா என்று பூண்டுக்கார அம்மாள் கேட்டதைச் சொன்னேன்.

"உங்க ஊர்ல எடுத்த போட்டோவுல மூக்குக்கு ஒரு நிழல், நாடிக்கு ஒரு நிழல். இங்க பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாத்தேன் முகம் முகமா இருக்கும்" என்றாள்.

அன்று மாலை முடிந்த நான்கு படங்களையும் காட்டினாள். கொழுந்து எடை போடுகிற இடம். மழையில் ஒரே படுதாவுக்குள் நான்கு பெண்கள். கத்தரித்துவிட்ட தேயிலைச் சரிவு, பாதி படம் முழுக்கக் காலியான மஞ்சு. லயத்து வாசலில் கம்பளி காயப்போடும் ஒரு கை. ஆள் இல்லை, கை மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமையாக இருந்ததா என்றால், இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புச் சதுரமாக ஒரு முத்திரை. ஜப்பானியப் படங்களில் ஓவியரின் பெயர் அப்படித்தான் இருக்கும். கோகிலா அழிரப்பரில் செதுக்கி வைத்திருந்தது பெயரை அல்ல, அவளுடைய அம்மாவின் செக்ரோல் நம்பரை. தோட்டத்து வருகைப் பதிவில் வேலைக்காலம் முழுக்க அவர் அந்த எண்தான்.

"என் நம்பரைப் போட்டு வித்தா, சம்பளம் எனக்குத்தேன் வரணும்" என்றார் அவள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ரிட்டயர் ஆனவுகளுக்குச் சம்பளம் இல்லம்மா."

"அப்ப நம்பரைத் திருப்பிக் குடு."

*

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மஞ்சு சரியாக இருக்கிறது என்றாள் கோகிலா. கீழ் வரிசையில் ஒரு காலி வீட்டு முற்றத்தில் அலுமினிய அன்னக்கூடையை வைத்து, அவள் அம்மா விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றினார். கோகிலா மேல் வரிசையில் பலகையோடு உட்கார்ந்தாள். நான் முழங்கையை விட்டு வெந்நீரின் சூடு பார்த்தேன். மறுபடி பார்த்தேன். குழந்தையை உட்காரவைத்து முகத்தைக் கழுவியபோது, காலையில் வைத்த பொட்டு கரைந்து போய்விட்டது.

"அப்படியே இருக்கட்டும்!" என்று மேலிருந்து கத்தினாள் கோகிலா. "திரும்ப வைக்காத!"

"அத்தைகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்டி."

"முகத்துல ஒரு கோடு, ஒரு வண்ணம், அம்புட்டுத்தேன். அதுல கருப்பு வந்து உக்காந்தா கண்ணு அங்கயே போயிரும். படம் முடியட்டும், நீ நெத்தி நெறைய வச்சுக்கோ."

குனிந்திருந்ததால் என் முகம் படத்தில் வராது, வகிடு மட்டும். குழந்தை நிமிர்ந்து மேலே பார்த்தாள். நான் ஒரு சிறு தண்ணீர்த் துளியைக்கூடக் காயவிடாமல் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று முறை துடைத்து, மூன்று முறை மறுபடி உட்காரவைத்தோம். நான்காவது முறை தாரணி அழுதாள். "பொட்டு" என்றாள். "இப்ப வெளிய போகலையே கண்ணு, போறப்ப வெச்சுக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பொட்டு வெளியே கிளம்பும்போது வைப்பது. அவளுக்கு அது தெரியும். அழுகையை நிறுத்தினாள்.

பிற்பகலில் கோகிலா உள்ளே உட்கார்ந்து வண்ணம் வைத்தாள். முகத்தைப் பல முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால் பொட்டு தள்ளிப்போனது. மாலையில் கொழுந்து முடிந்து திரும்பிய பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"யார் வீட்டு ராசாத்தி இது?"

"கன்னத்தைப் பாரு, காந்தலூர் பிளம்ஸ் மாதிரி."

"கடிச்சுத் தின்னுரலாம் போல இருக்கே!"

நான் சிரித்துக்கொண்டே குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நான் படித்தவள். கண்ணால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்று எனக்குத் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியபோதும் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஈரம், குளிர், பஸ் அலைச்சல். மருந்து கொடுத்தேன். தேவிகுளத்தில் அரசு ஆஸ்பத்திரி எங்கே, ஜீப் கிடைக்குமா என்று கோகிலாவின் அம்மாவை நச்சரித்தேன். அந்த நேரம் பார்த்து அத்தையின் போன்.

"புள்ள எப்படி இருக்குது?"

"குளிப்பாட்டினனுங்க அத்தை. தூங்கறா."

"பொட்டு?"

"சிக்னல் சரியா இல்லைங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. போனை வைத்துவிட்டுக் குழந்தையின் நெற்றியை மறுபடி தொட்டுப் பார்த்தேன். கோகிலா தூரிகையைக் கழுவியபடி என்னைப் பார்த்தாள்.

"என்மேல கோவமா?"

"இல்ல" என்றேன். இருந்தது. அவள்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

ஞாயிறு காலை காய்ச்சல் இல்லை. தாரணி இரண்டு இட்லி தின்றுவிட்டு மூன்றாவதைக் கேட்டாள். படம் முடிந்து, கட்டிலின்மேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பற்றி என்ன சொல்வது? வட்டமான அன்னக்கூடை, என் வகிடு, முதுகில் சேலையின் மாம்பழ மஞ்சள் ஒரே வீச்சாக, இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு குடம், அதற்கு மேலே தகரக் கூரையின் நீல விளிம்பு. நடுவில் நிமிர்ந்த முகம். ஒரு நிழல் இல்லை. அவள்தான், வேறு யாருமில்லை. முத்திரை மட்டும் பாக்கி. வலது கீழ்மூலையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு, கோகிலா மற்ற நான்கையும் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இந்தப் பாப்பா எங்க போகுது?" என்றாள் தாரணி, கோகிலாவிடம்.

"ஜீப்புல ஏறி டுர்ருனு கொச்சிக்குப் போகுது."

நான் தாரணிக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, ஒருவழியாகக் கன்னத்தில் பொட்டு வைத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மை டப்பாவைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பைகளைக் கட்டத் திரும்பினேன். மேலே சாலையில் ராசு அண்ணனின் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது குழந்தை கட்டிலில் முழங்காலிட்டு, படத்திலிருந்த கன்னத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கிளம்புகிற பாப்பா. பொட்டில்லாமல் எப்படிப் போகும்?

கண்மை எண்ணெய்ப்பசை உள்ளது. காகிதம் அதை உடனே குடித்துவிட்டது. நான் முந்தானையின் நுனியோடு பாய்ந்தேன். கோகிலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"தொடாத. தேச்சா முகமே போயிரும்."

"கோகிலா, நான்..."

"பேசாத."

ஹாரன் மறுபடி அடித்தது. தாரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றேன். ஐந்து படங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதைத்தான் நடுவில் மாட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். வேறொன்று வரைய நேரம் இல்லை. எல்லாம் அந்த டப்பாவை மூடாமல் வைத்ததால்.

கோகிலா கதவுவரை பின்னால் நடந்தாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். கிட்டே வந்தாள். மறுபடி பின்னால் போனாள். அவள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினாள். கல்லூரி நாட்களில் அவள் அப்படி நிற்கும்போது நான் பக்கத்தில் நின்று, "வலப்பக்கம் கனமா இருக்கு" என்றோ "அந்தப் பச்சையை எடு" என்றோ சொல்வது வழக்கம். பல வருடங்களாகச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை, அதுவும் இப்போது? ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"முத்திரையைக் கீழ வைக்காத."

அவள் திரும்பவில்லை. "ஏன்?"

"கருப்பு முகத்துக்கு வந்துருச்சு. சிவப்பு கீழ் மூலைல இருந்தா ரெண்டும் சண்டை போடும். மேல, கூரை ஓரத்துல வை. கண்ணு மேலேருந்து இறங்கிப் பொட்டுல வந்து நிக்கட்டும்."

ரப்பரைச் சிவப்பில் ஒற்றி, காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தபடி நின்றாள். இடது மேல்மூலை. கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"இங்கயா?"

"இன்னும் ஓரமா."

அழுத்தினாள். எடுத்தாள். அவளுடைய அம்மாவின் எண், தகரக் கூரையின் நீலத்துக்குப் பக்கத்தில் ஈரமாக நின்றது. மூவரும் பார்த்தோம். கோகிலா போர்வையை எடுத்தாள்.

மூணாறு வரை ஒரே ஜீப்பில் வந்தோம். முன்னிருக்கையில் நானும் தாரணியும். பின்னால் கோகிலா, படங்களின்மேல் இரண்டு கைகளையும் விரித்தபடி. ராசு அண்ணன் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஸ்டாண்டில் இறங்கும்போது கோகிலா தாரணியின் பொட்டைக் கட்டைவிரலால் தொட்டு, கொஞ்சம் கலைந்திருந்ததைச் சரிசெய்தாள். என்னிடம் "போய் போன் பண்ணு" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று மறையூர் வரை யோசித்தேன். சின்னாரில் குரங்குகளைப் பார்த்துத் தாரணி கத்தினாள், வாந்தி எடுக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தென்னைகளின் நிழல் வரப்பைத் தாண்டி ரோட்டில் கிடந்தது. என் நிழலும் மூன்று பைகளோடு நீண்டு எனக்கு முன்னால் போனது. எங்கள் ஊரில் நிழல் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது என்பதை இத்தனை வருடம் நான் கவனித்திருக்கவில்லை. வீட்டில், கிளம்பும் முன் போனில் எடுத்திருந்த படத்தை அத்தையிடம் காட்டினேன். இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினார். முதலில் தேடியது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

"வெச்சிருக்குது. செரி" என்றார். பிறகு, "கோணையா இருக்குது. ஆரு வெச்சுது?"

"அவளேதானுங்க."

அத்தை மறுபடி பார்த்தார். இந்தமுறை படம் முழுவதையும், வெகுநேரம்.

நான்கு நாள் கழித்துக் கோகிலாவின் செய்தி வந்தது. படத்தை நடுவில்தான் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, கன்னத்தில் இருக்கும் அந்தக் கருப்பு ஜப்பானிய மரபா என்று கேட்டாராம்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆமான்னுட்டேன். அடுத்த படத்துக்கு முத்திரை எங்க வைக்கணும்னு தெரியலை. எப்ப வர?"

நீளமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். பஸ் நேரம், குளிர், குழந்தையின் சளி, இவருடைய ஷிப்ட் எல்லாவற்றையும் யோசித்தேன். பிறகு, அடுத்த படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பாதே, நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்று அனுப்பினேன்.